யாருக்குத் திறந்தது அந்தக் கதவு?

பெங்களூருக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் லால்பாக், இஸ்கான், கமர்ஷியல் ஸ்ட்ரீட் என்று ஒரு வழக்கமான சுற்று உண்டு. கொஞ்சம் பொறுமைசாலி விருந்தாளி என்றால் சிட்டி மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற திப்பு அரண்மனையையும் சேர்த்துக்கொள்வோம். ஹைதர் அலி 1781ல் தொடங்கி, திப்பு 1791ல் முடித்த கட்டடம். தேக்குத் தூண்கள், வளைவுகள், மேலே தர்பார் நடத்துகிற மாடம். இருபது நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். டிராஃபிக்கில் போய்ச் சேரத்தான் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மாடியின் நான்கு மூலைகளிலும் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவைதான் ஜெனானா, அதாவது அந்தப்புரம் என்கிறார்கள். எட்டிப் பார்த்தால் வெறும் சுவர். "இதுலயா ராணி இருந்தாங்க?" என்று கேட்காத விருந்தாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, சினிமா பார்த்து உண்டான அந்தப்புரக் கதை. இன்னொன்று, "தெரியலை, வாங்க கீழே போகலாம்".

இரண்டுமே எனக்குத் திருப்தி இல்லை. ஏனென்றால் அந்த அறைகள் கட்டப்பட்ட அதே 18ஆம் நூற்றாண்டில்தான், இந்தியாவில் பெண்கள் வீட்டுக்குள் கூடி உட்கார்ந்திருக்கும் காட்சிகளை நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். எல்லாம் காகிதத்தில், நீரில் கரைத்த நிறங்களால் வரைந்தவை. லண்டன், கோபன்ஹேகன் என்று உலகம் முழுக்க மியூசியங்களில் இருக்கின்றன. இன்று அவற்றில் பலவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்தப் படங்களை வைத்து இந்த வெற்று அறைகளை நிரப்ப முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு தூரம்? இந்த இடுகை அதைப் பற்றித்தான்.

(நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. சாஃப்ட்வேர்காரன். பல வருஷமாக இந்த ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் ராமநாதபுரத்துக்காரன். அந்த அளவில் படியுங்கள்.)

*

முதலில் அறையைப் பற்றி ஒரு நேரடி சாட்சி. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்த அடுத்த வருஷம், ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரை கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி மைசூர் தேசத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி அனுப்புகிறார். மண் வகை, பயிர் வகை, சாதி, தறி, விலைவாசி என்று எதைப் பார்த்தாலும் எழுதி வைக்கிற மனுஷன். 1800ல் பெங்களூர் வந்தவர் இந்த அரண்மனையையும் பார்த்தார். மாடியில் பெரிய கூடங்கள், சுல்தான் உட்காரும் மாடங்கள், கீழே கூட்டம் நிற்கும் முற்றம் எல்லாவற்றையும் வர்ணிக்கிறார். பொது அறைகளில் அழகாக வர்ணம் தீட்டிப் போலித் தங்கப் பூச்சும் வைத்திருக்கிறார்கள் என்கிறார். கூடத்தின் ஓரங்களில் உள்ள தனி அறைகளைப் பற்றி மட்டும், அவை சிறியவை, வசதியற்றவை என்று முடித்துவிடுகிறார்.

ஆக, நாம் இன்று எட்டிப் பார்த்து ஏமாறுகிற மாதிரியே அவரும் ஏமாந்திருக்கிறார். வர்ணமும் தங்கமும் ஊர் பார்க்கிற இடத்தோடு நின்றுவிட்டன. ராபர்ட் ஹோம், ஜேம்ஸ் ஹன்ட்டர் போன்று ஆங்கிலப் படையோடு வந்து படம் வரைந்தவர்களும் கோட்டை, வாசல், முற்றம் என்று வெளிப்பக்கம்தான் அதிகம் வரைந்தார்கள். உள்ளே பார்க்க வேண்டுமானால் நாம் வேறு படங்களைத் தேட வேண்டும்.

*

அந்த வேறு படங்கள் முகலாயப் பாணியில் வந்தவை. 1739ல் நாதிர்ஷா டெல்லியைச் சூறையாடிய பிறகு அங்கிருந்த ஓவியர்கள் பலர் பிழைப்புத் தேடி ஃபைசாபாத், லக்னோ, முர்ஷிதாபாத் என்று நகர்ந்தார்கள். (அந்தக் காலத்து 'ஆன்சைட்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.) போன இடங்களில் நவாபுகளுக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் அந்தப்புரக் காட்சிகள் வரைந்து கொடுத்தார்கள். 1765 வாக்கில் ஃபைசுல்லா என்ற அவத் ஓவியர் வரைந்த அரண்மனைக் காட்சி ஒன்று கோபன்ஹேகனில் இருக்கிறது. மாடி மேல் மாடி, தோட்டத்துக்குப் பின் தோட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும், எங்கு பார்த்தாலும் பெண்கள்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டியான அட்டை செய்வார்கள். கல்லிலும் செடியிலும் எடுத்த நிறங்களைப் பிசின் கலந்த நீரில் குழைத்து, அணில் முடித் தூரிகையால் அடுக்கடுக்காகத் தீட்டுவார்கள். நடுநடுவே படத்தைக் கவிழ்த்துப் போட்டு வழவழப்பான கல்லால் பின்பக்கம் தேய்ப்பார்கள். அதனால்தான் அந்தப் படங்கள் எனாமல் மாதிரி மின்னுகின்றன. நம் பள்ளிக்கூட வாட்டர் கலர் போல அடித்தாள் தெரியாது.

காட்சி என்ன? கம்பளம் விரித்திருக்கும். முக்கியமான பெண்மணி திண்டில் சாய்ந்திருப்பாள். கையில் ஹூக்காவின் நீளமான குழல். பக்கத்தில் வெற்றிலைச் செல்லம், படிக்கம், பன்னீர்ச் செம்பு, பழத்தட்டு. எதிரே இன்னொரு பெண், விருந்தாளி. கொஞ்சம் தள்ளிப் பாட்டுக்காரிகள், தம்பூரா, மத்தளம். பின்னால் சாமரம் வீசுகிறவள், தட்டு ஏந்தி நிற்கிறவள். சில படங்களில் சொக்கட்டான் ஆட்டம், சிலவற்றில் குளியல், சிலவற்றில் தீபாவளி மத்தாப்பு.

இதைச் சும்மா அழகுக் காட்சி என்று தாண்டிப் போகாமல் மரியாதைக் கணக்காகப் படித்தால் நிறையத் தெரிகிறது. யார் கம்பளத்தின் மேல், யார் கம்பளத்துக்கு வெளியே? யார் உட்கார்ந்திருக்கிறாள், யார் நிற்கிறாள்? திண்டு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? விருந்தாளிக்குத் தாம்பூலமும் அத்தரும் கொடுத்தால் சந்திப்பு முடிந்தது, கிளம்பலாம் என்று அர்த்தம். நமக்கு இதெல்லாம் புரியாத விஷயமா என்ன? கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்களா, போனில் சொன்னார்களா என்பதில் வருஷக்கணக்கில் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! வீட்டுக்குள் பெண்கள் நடத்துகிற இந்தச் சடங்குகள்தான் உறவை வைத்திருப்பதும் அறுப்பதும். அரண்மனையில் உறவு என்றால் அரசியல்.

*

சரி, அப்படியானால் இந்தப் படங்களை அப்படியே எடுத்து பெங்களூர் அறைக்குள் வைத்துவிடலாமா? இங்கேதான் சிக்கல். இதை வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தப்புரத்துக்குள் அவர்களுக்கு அனுமதி கிடையாது. ஜஹாங்கீர் காலத்தில் சஹீஃபா பானு என்று ஒரு பெண் ஓவியரின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. அதுபோன்ற பெயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

உள்ளே போகாமல் எப்படி வரைந்தார்கள்? ஓவியர் குடும்பங்களில் 'சர்பா' என்று ஒன்று உண்டு. மெல்லிய மான் தோலில் ஓர் உருவத்தின் கோடுகளைப் படி எடுத்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு வைத்திருப்பார்கள். புதுத்தாளின் மேல் அதை வைத்துக் கரித்தூளைத் தட்டினால் உருவம் இறங்கிவிடும். துளை போட்ட தட்டில் கோலமாவைத் தட்டிக் கோலம் போடுகிறோமே, அதே வித்தைதான். சர்பாவைத் திருப்பிப் போட்டால் வலது பக்கம் பார்த்தவள் இடது பக்கம் பார்ப்பாள். அப்பா வைத்திருந்த சர்பா மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு. அதனால்தான் வேறு வேறு ஊர்ப் படங்களில் ஒரே பெண் ஒரே மாதிரி சாய்ந்துகொண்டு ஹூக்கா பிடிக்கிறாள். ஒரே மூக்கு, ஒரே மீன் கண்.

எங்கள் அபார்ட்மெண்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஆவணியில் வரமகாலட்சுமி பூஜை வந்தால் பக்கத்து ஃபிளாட் கன்னடக்கார ஆன்ட்டி என் மனைவியை 'அரிசின குங்கும'த்துக்குக் கூப்பிடுவார். மஞ்சள் குங்குமம் கொடுத்து, தாம்பூலம் வைத்து அனுப்புவது. ஒரு முறை குழந்தையைக் கூட்டிவர நான் போய் வாசலிலேயே நின்றேன். உள்ளிருந்து சிரிப்புச் சத்தமும் பட்டுப்புடவைச் சலசலப்பும் மல்லிகை வாசமும் வந்தன. யாராவது என்னிடம் தாளைக் கொடுத்து "உள்ளே நடந்ததை வரை" என்றிருந்தால் என்ன வரைந்திருப்பேன்? கலசம், குத்துவிளக்கு, வட்டமாக உட்கார்ந்த பெண்கள். அதாவது காலண்டரில் பார்த்தது. அன்றைக்கு உள்ளே அவர்கள் பேசியது ஒரு வீட்டு மாமியார் மருமகள் சண்டையைத் தீர்த்து வைப்பது பற்றி என்று இரவு சாப்பிடும்போது மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த ஓவியர்களும் வாசலில் நின்றவர்கள்தான். ஆனால் வாசலில் நிற்பவனுக்கும் சிலது சரியாகத் தெரியும். தட்டில் என்ன உள்ளே போனது, என்ன பாத்திரம், யார் முதலில் போனார்கள், யார் செருப்பை எங்கே விட்டார்கள். ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: இந்தப் படங்களில் பொருளையும் வரிசையையும் நம்பலாம். முகத்தையும் மனநிலையையும் நம்பக்கூடாது. 'சோகத்தில் காத்திருக்கும் நாயகி' என்று மியூசியத்தில் தலைப்பு போட்டிருந்தால், அது பெரும்பாலும் வாங்கியவருக்குப் பிடித்த சோகம்.

*

எங்கள் ஊரையும் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள். காகிதம் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. ஆனால் இங்கும் நீரில் கரைத்த நிறம்தான். கீழே ராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியரோடு போர், வெள்ளைக்காரர்களை சேதுபதி வரவேற்கிற காட்சி. மாடியில் ராஜாவின் அந்தரங்க வாழ்க்கை. பெண்கள், பாட்டு, நாட்டியம். தமிழ்நாட்டில் 18ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றின் உள்வாழ்க்கையை அதே அரண்மனைச் சுவரிலேயே பார்க்க முடிகிற இடம் அபூர்வம். ஊர்ப்பக்கம் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

ஆனால் மாடிப் படங்களில் கவனித்தால், பெண்கள் இருக்கிற காட்சிக்குப் பெரும்பாலும் சேதுபதிதான் நடுநாயகம். ராஜா உள்ளே வந்தால்தான் அறை இருக்கிறது, ராஜா எழுந்து போனால் விளக்கு அணைந்த மாதிரி. அவர் இல்லாத மதியப் பொழுதில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பது சுவருக்குத் தேவைப்படவில்லை.

தஞ்சாவூரில் இன்னொரு வகை. நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அங்குள்ள ஓவியர்கள் ஆங்கிலேயர்களுக்காகக் காகிதத்தில் நீர்வண்ண ஆல்பங்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சாதிக்கும் தொழிலுக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி ஜோடி, கையில் அந்தந்தத் தொழிலின் சாமான். ஊருக்குத் திரும்பும்போது துரை எடுத்துப்போக வசதியான நினைவுப் பொருள். இதில் பெண்கள் எக்கச்சக்கம். ஆனால் எல்லாரும் வெட்டவெளியில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். வீடு கிடையாது, சுவர் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரி கிடையாது. வீட்டை எடுத்துவிட்டால் பெண்ணின் செல்வாக்கு எங்கே தெரியும்? கணவனுக்குப் பக்கத்தில் நிற்பவள் என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது.

*

கதவை உள்ளிருந்தே திறந்துவிட்ட ஒரு பெண்ணும் இந்த நூற்றாண்டில் உண்டு. பள்ளிக்கூடத்தில் நந்தகுமார் வழக்கு படித்திருப்பீர்கள். 1775ல் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்த கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி எலைஜா இம்பே. அவர் மனைவி மேரி இம்பே தோட்டத்தில் பறவைகளும் விலங்குகளும் வளர்த்தவர். 1777 முதல் ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூன்று பாட்னா ஓவியர்களை வைத்து அவற்றை வரையச் சொன்னார். முந்நூறுக்கு மேல் படங்கள் தேறின. முகலாயப் பாணியில் பழகிய கை, இங்கிலாந்துத் தாள், நீர்வண்ணம். பறவை ஓவியங்களில் உலகத் தரம் என்று இன்று கொண்டாடுகிறார்கள்.

அதே ஜைனுத்தீன் வரைந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு படம்தான் நமக்கு முக்கியம். மேரி இம்பே தன் வீட்டு அறையில் உட்கார்ந்து வேலைக்காரர்களை மேற்பார்வை பார்க்கிறார். ஒருவர் புதுத் தொப்பியைக் கொண்டுவந்து காட்டுகிறார். தையல்காரர்கள் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். இம்பே குழந்தைகளின் அறையையும் ஆயாக்களோடு வரைந்திருக்கிறார் ஜைனுத்தீன். இவை 2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் தொடங்கிய கம்பெனி ஓவியக் கண்காட்சியில் வெளிச்சத்துக்கு வந்து நிறையப் பேரால் பேசப்பட்டன.

பாரிஸில் அதே வருஷங்களில் நிக்லாஸ் லஃப்ரென்சன் என்ற சுவீடன்காரர் பணக்காரப் பெண்களின் அறைகளைச் சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களாக வரைந்துகொண்டிருந்தார். உடுத்திக்கொள்வது, கடிதம் படிப்பது, பாட்டுப் பயில்வது. அங்கே சீமாட்டி அலங்காரம் செய்துகொள்ளும் நேரமே விருந்தாளிகளைச் சந்திக்கிற நேரமும்கூட. மேரி இம்பேயின் படமும் அந்தச் சடங்கின் கல்கத்தாப் பதிப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். இந்த ஓவியர் அறைக்குள் நின்று பார்த்து வரைந்தவர். பாட்னாவில் கற்ற கை, ஒவ்வொரு பறவையின் இறகையும் எண்ணிய கண். அதனால் படத்தில் வேலை தெரிகிறது. துணி எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்பது தெரிகிறது. ஹூக்கா பிடிக்கும் பொம்மைப் பெண்ணிடம் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது.

அப்படியும் ஒன்று நினைவில் இருக்கட்டும். கதவைத் திறந்தவர் எஜமானி, காசு கொடுத்தவரும் அவரே. அதனால் வீட்டின் நடுவில் அவர் இருக்கிறார். பறவைப் படங்களின் அடியில் 'கல்கத்தாவில் லேடி இம்பேயின் சேகரிப்பில்' என்று எழுதி ஓவியரின் பெயரையும் பாட்னாக்காரர் என்பதையும் குறித்து வைத்தார்கள். வரைந்தவருக்குப் பெயர் கிடைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். தரையில் உட்கார்ந்தவர்களும் ஆயாக்களும் நம்மிடம் தையல்காரர்களாகவும் ஆயாக்களாகவும்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

*

இப்போது பெங்களூருக்குத் திரும்புவோம். 1800 மார்ச்சில் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஊர்வலம் கிளம்புகிறது. யானைகள், மாடுகள், பல்லக்குகள், படைக்காவல். தலைமை தாங்குபவர் ஒரு பெண்: ஹென்ரியட்டா கிளைவ். அப்போதைய மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி, அதாவது பிளாசி புகழ் ராபர்ட் கிளைவின் மருமகள். கூடவே இரண்டு பெண் குழந்தைகள், அவர்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற அன்னா டொனெல்லி என்ற இத்தாலியப் பெண் ஓவியர். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றி, அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். கணவர் கூட வரவில்லை, அவருக்கு ஆபீஸ் வேலை!

இந்தக் கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பரபரப்பு சொல்லி மாளாது. இதுவரை பார்த்த எல்லாத் தடையும் இங்கே இல்லை. ஓவியர் ஒரு பெண். நீர்வண்ணத்தில் தேர்ந்தவர். கூட வருவது கவர்னரின் மனைவி, எந்த அந்தப்புரமும் அவர்களுக்கு மூடியிருக்காது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹென்ரியட்டா திப்புவின் குடும்பப் பெண்களைப் போய்ச் சந்திக்கவும் செய்தார். ஹைதரின் குடும்பம், திப்புவின் குடும்பம், பணிப்பெண்கள் எல்லாம் சேர்த்து அறுநூறு பேர் வரை அப்போது அங்கே கம்பெனியின் காவலில் இருந்தார்கள். ஒரு நூற்றாண்டாக வாசலில் நின்ற தூரிகைக்கு கடைசியில் கதவு திறக்கும் நேரம்.

டொனெல்லி அந்த வருஷம் வரைந்து, இன்று அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருகிற படம் எது தெரியுமா? சிம்மாசனத்தில் அமர்ந்த திப்பு சுல்தான்.

திப்பு இறந்து வருஷமாகிவிட்டது. சிம்மாசனமும் அப்போது இல்லை. மரத்தின் மேல் தங்கத்தகடு போர்த்திய அந்தப் புலி ஆசனத்தைக் கொள்ளைப் பங்கு பிரிக்கும் குழு துண்டு துண்டாக உடைத்துவிட்டது. பெரிய புலித்தலை இன்று இங்கிலாந்து அரச குடும்பத்திடம், சின்னப் புலித்தலைகளில் ஒன்று கிளைவ் குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்தது. கேட்டதையும் பார்த்த துண்டுகளையும் வைத்து டொனெல்லி முழுச் சிம்மாசனத்தை மறுபடி நிறுத்தினார். வேல்ஸில் கிளைவ் குடும்பத்தின் பாவிஸ் கோட்டையில், திப்புவின் கூடாரம் உள்ளிட்ட பொருட்களோடு அந்தப் படமும் இருக்கிறது. சிம்மாசனத்தை முழுசாகக் காட்டும் மிகச் சில படங்களில் ஒன்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் கொடுக்கிறவர்கள் வீட்டில் எது சுவரில் தொங்கும்? வென்ற எதிரி கம்பீரமாக இருந்தால்தானே வென்றவனுக்குக் கௌரவம். உயிரோடு இருக்கிற அறுநூறு பெண்கள் சம்பளப் பட்டியலிலும் பென்ஷன் கணக்கிலும் வரவேண்டியவர்கள், சித்திரத்தில் இல்லை. கதவு திறப்பது மட்டும் போதாது, உள்ளே இருப்பது வரையத் தகுந்தது என்று யாராவது நினைக்கவும் வேண்டும்.

அந்தப் பெண்களின் கதை அத்தோடு முடியவில்லை. அவர்களை வேலூர்க் கோட்டைக்கு மாற்றினார்கள். 1806 ஜூலை 9ஆம் தேதி அங்கே திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்கு முன்னால் வேலூர் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. கல்யாணக் கூட்டத்தைச் சாக்காக வைத்து ஆட்கள் கோட்டைக்குள் திரண்டார்கள் என்று சொல்வார்கள். புரட்சி அடங்கியதும் திப்புவின் பிள்ளைகளை கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் பாடப்புத்தகத்தில் தலைப்பாகை இருக்கிறது, தோல் பட்டை இருக்கிறது, கர்னல் கில்லஸ்பி குதிரையில் வருகிறார். கல்யாணம் ஒரு வரி. மணப்பெண் அந்த ஒரு வரியிலும் இல்லை. எத்தனை தட்டு வரிசை வந்தது, யார் மருதாணி வைத்தார்கள், காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது பெண்கள் பக்கத்தில் என்ன நடந்தது? அந்தப்புரம் வெறும் கிளுகிளுப்புக் கதை இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

*

ஒரே ஒரு ஆறுதல் மைசூரிலிருந்து. 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் மைசூர் உடையார் குடும்பத்துப் பெண்கள் மூவரை வரைந்தார். இது எண்ணெய் வண்ணம், நூற்றாண்டும் மாறிவிட்டது, இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை. 2007ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. மைசூர் வரலாற்றை ஆராயும் நைஜல் சான்சலரின் வாசிப்புப்படி, நடுவில் நிற்பவர் பாட்டி லட்சுமி அம்மணி, இரு பக்கமும் இளம் மகாராஜாவின் மனைவிகள். வலது பக்கப் பெண் சேலை மூடியிருக்க வேண்டிய இடது கையை விலக்கி விரலால் காட்டுகிறாள். அது அப்போது புதிதாக வந்த அம்மைத் தடுப்பூசி குத்திய இடம் என்கிறார் அவர். ஊர் ஜனங்கள் பயப்படாமல் ஊசி போட்டுக்கொள்வதற்கான விளம்பரம்!

இங்கேயும் காசு கொடுத்தவர்களுக்குக் காரணம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் சர்பாவில் எடுத்த முகம் இல்லை. மூன்று தனித்தனி முகங்கள். நடுவில் மகாராஜா இல்லை. அந்தக் குடும்பத்தில் பாட்டி வைத்ததுதான் சட்டம் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

*

ஆக, திப்பு அரண்மனையின் மூலை அறையை நிரப்ப முடியுமா என்ற கேள்விக்கு என் பதில்: பாதி நிரப்பலாம். கம்பளம் விரிக்கலாம், செல்லத்தையும் பன்னீர்ச் செம்பையும் வைக்கலாம், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். முகங்களை வைக்க முடியாது. பேச்சை வைக்கவே முடியாது. வைக்கிற கைடு, வைக்கிற சினிமா, வைக்கிற நாவல் எல்லாம் வாசலில் நின்றுகொண்டு சர்பா தட்டுகிற வேலைதான்.

இனி இப்படிப் படம் எதையாவது பார்த்தால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வரைந்தவருக்குக் கதவு திறந்ததா? காசு யார் கொடுத்தது? ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்பவள் யார்? பதில் கிடைக்காவிட்டாலும் கேள்வியே படத்தை மாற்றிக் காட்டும்.

நம் வீட்டு ஆல்பத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். எங்கள் வீட்டு நவராத்திரி போட்டோக்களைப் போன வாரம் கணினியில் ஒழுங்குபடுத்தினேன். கொலு இருக்கிறது, பாவாடை கட்டிய குழந்தைகள் இருக்கிறார்கள், வந்த மாமிகள் வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள். பதினோரு வருஷப் படங்களில் அம்மா மூன்றில்தான் இருக்கிறார், அதிலும் ஒன்றில் சுண்டல் கரண்டியோடு கை மட்டும். கேமரா என் கையில் இருந்தது, கதவு எல்லாம் திறந்துதான் இருந்தது.